பக்கத்துக் கதிரை

மலைக் குடிசை, ஊரி
09.06.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

யதுசன். வந்து சேர்ந்து ஆறு நாள். கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. பிறகு மறந்துபோகும், அதனால் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: சாப்பிடுகிறீர்களா?

இங்கே முப்பத்தொரு மாடு, ஒரு நாய், ரூத். இந்த மேய்ச்சல் மலையை நடத்துகிற பெண் ரூத். அறுபது வயதிருக்கும். ஒரு நாளைக்கு இருபது சொல் பேசுவார். முதல் நாள் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். "நீளம்" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான்.

கட்டாயப் படைச் சேவையில் சேரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவனுக்கு அரசாங்கம் தந்த வேலை: புல்லுக்குள் பரவும் புதரை வெட்டுவது, வேலி போடுவது. செப்டம்பர் நடுவரை. கையெழுத்துப் போட்டது நான். அவசரப்படுத்தியது நீங்கள். அடுத்த வருடம் போகிறேன் என்றேன். "இந்த முறை போ தம்பி. தள்ளிப்போட்டா பிறகு போகமாட்டாய்" என்றீர்கள். ரயிலடியில் என் பையைத் தூக்கக் குனிந்தீர்கள். தூக்காமல் நிமிர்ந்தீர்கள். பார்த்தேன்.

குடிசையில் சிக்னல் இல்லை. ஐம்பது நிமிடம் ஏறினால் முகட்டில் இரண்டு கோடு. இன்று ஏறினேன். மூன்று தரம் அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. புதன்கிழமைகளில் சீஸ் ஏற்ற வரும் ஜீப் கடிதம் கொண்டுபோகும், கொண்டுவரும். அதனால் இது.

தமிழில் நான் கடைசியாக எழுதிய கடிதம் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துப் பத்தாம் வகுப்புச் சோதனையில். இல்லாத ஒரு மாமாவுக்கு, தராத ஒரு மணிக்கூட்டுக்கு நன்றி சொல்லி. எழுபத்திரண்டு புள்ளி.

நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் இது கொஞ்சம் கடினம்.

உங்கள் சுகத்தை இரண்டு வரியாவது எழுதுங்கள்.

மகன்
யதுசன்


பூம்ப்ளிஸ், பேர்ண்
18.06.2024

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத இருந்தேன், நாலு நாள் ஓடிவிட்டது. நீ சுகம் என்று எழுதியதில் பாதியை நம்புகிறேன். தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? மலைக் குளிர் காதுக்குள்ளால்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் எடுக்காதே ராசா. அன்றைக்குக் கோயிலில் சமையல், போன் பையில் கிடக்கும். மற்ற நாள் வேலை. எழுது. போன் என்றால் நீ "ம், ம்" என்பாய், நான் "சரி, சரி" என்பேன், இரண்டு பேரும் ஒன்றும் கதைத்திருக்க மாட்டோம். கடிதம் என்றால் நான் ஆறுதலாக இருந்து வாசிப்பேன்.

முதியோர் இல்லத்தில் எங்கள் சலவை அறைக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. பிரபாலினி அன்ரிக்கும் அதற்கும் தினமும் சண்டை. "அக்கா, இது என்னைப் பாத்து மட்டும்தான் கத்துது" என்கிறாள். இரண்டாம் மாடியில் இருந்த கிழவர் ஒருவர் போய்விட்டார். அவருடைய உடுப்புகளில் இருந்து பெயர்ப் பட்டிகளை நான்தான் பிரித்தேன். பதினாறு சட்டை. தைக்கும்போது எவ்வளவு நேரம் எடுத்தது. பிரிக்க ஒரு மணித்தியாலமும் ஆகவில்லை.

நான் மெலிந்துவிட்டேன் என்று போகும்போது சொன்னாய். வேலை கூடிவிட்டது, வேறொன்றும் இல்லை.

மிதுஷாவை நினைவிருக்கிறதா, உன்னோடு சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்? இப்போது அடிக்கடி காண்கிறேன். தங்கமான பிள்ளை. மெல்லக் கதைப்பாள், ஒரு சொல்லும் விடமாட்டாள். உன்னைச் சுகம் கேட்டாள்.

பொதியில் மிளகாய்த்தூளும் ஆறு சோடி கம்பளிக் காலுறையும் வைத்திருக்கிறேன். அந்த ரூத் அம்மாவுக்கு உறைப்பைக் கண்ணில் காட்டாதே.

உன் சுகத்தை முழுசாக எழுது, பாதியை நான் கழித்துக்கொள்வேன்.

அம்மா


மலைக் குடிசை
30.06.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகம். முழுசாக. கையில் ஒரு கீறல், அதையும் எழுதிவிட்டேன், கழிக்க ஒன்றும் இல்லை.

ரூத் மிளகாய்த்தூளைச் சீஸின் மேல் தூவிச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர். "நல்லது" என்றார். மறுநாளும் கேட்டார். டப்பா இப்போது அவருடைய அலமாரியில் இருக்கிறது.

காலுறை. ஆறு சோடியிலும் உள்ளே என் பெயர்ப் பட்டி. இங்கே என் காலுறையை என்னைத் தவிர ஒருவரும் போடமாட்டார்கள். அறியாதவர் கையால் தோய்க்கப்படும் உடுப்புக்குத்தான் பெயர் வேண்டும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இதை ஏன் தைத்தீர்கள்?

மூன்று நாளாகப் பனிப்புகார். பகலிலும் கைக்கு எட்டாத தூரமெல்லாம் வெள்ளை. மாடுகள் தெரியாது, மணி மட்டும் கேட்கும். மணியை வைத்து எது எந்த மாடு என்று கண்டுபிடிக்கப் பழகுகிறேன். புகாருக்குள் நிற்கும்போது எனக்கு ஒரு பழைய வியாதி வருகிறது. யாரோ ஜெர்மனில் ஏதோ சொல்கிறார்கள், நான் திரும்பி உங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்ற அவசரம். யாரும் சொல்லவில்லை. நீங்களும் இல்லை. ஆனால் கழுத்து திரும்புகிறது.

ஏழு வயதில் தொடங்கியது. விசா அலுவலகம், வீட்டுக்காரர், பல் டொக்டர். மூன்றாம் வகுப்பு ரீச்சர் உங்களைக் கூப்பிட்டு என்னைப் பற்றிப் பத்து நிமிடம் முறைப்பாடு சொன்னார். நான் "வகுப்பில நல்லாக் கதைக்கிறனாம், அம்மா" என்று மொழிபெயர்த்தேன். நீங்கள் அவருக்குக் கைகொடுத்து நன்றி சொன்னீர்கள். அவர் முகம் போன போக்கு.

சிரிக்கிறேன். ஆனால் கேட்க வந்தது வேறு. டொக்டரிடம் எப்போதும் நான்தான் வருவேன். நான் இங்கே வந்த பிறகு போனீர்களா? யார் வந்தது?

மெலிவுக்கு வேலை காரணம் இல்லை. அந்த வேலையைப் பதினெட்டு வருடமாகச் செய்கிறீர்கள்.

சுகத்தை எழுதுங்கள். பாதி அல்ல.

யதுசன்


பூம்ப்ளிஸ்
09.07.2024

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன், சுகமாக இருந்து. கீறலுக்கு மஞ்சள் வை. மலையில் மஞ்சள் இல்லாவிட்டால் சொல், அனுப்புகிறேன்.

காலுறை ஒரு பைத்தியம். மெஷின் முன்னால் இருந்தது, பட்டி மிச்சம் இருந்தது, கை சும்மா இருந்தது. அதற்கு ஏன் இவ்வளவு யோசனை? உன் அப்பாவும் இப்படித்தான், உப்புக் கூடினால் அதற்கு ஒரு அர்த்தம் தேடுவார். சமையல்காரன் புத்தி.

ஓம், டொக்டரிடம் போனேன். பிரபாலினி கூட வந்தாள். வயிற்றுக்குள் ஒரு சின்னப் புண்ணாம். மருந்து போட்டால் ஆறுமாம். நீ அங்கேயிருந்து பயப்பட ஒன்றும் இல்லை.

இங்கே நல்ல வெயில். ஆரே ஆற்றில் பெடியன்கள் பாலத்தில் இருந்து குதிக்கிறார்கள். நீயும் அப்படிக் குதித்துவிட்டு வந்து தலை நனையவில்லை என்று சாதிப்பாய், காதால் தண்ணீர் வழிய. நினைத்துச் சிரித்தேன்.

உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன், தூசி பிடிக்குது.

வேளைக்குச் சாப்பிடு. நான் சாப்பிடுகிறேன்.

அம்மா


மலைக் குடிசை
14.07.2024

அம்மா,

வயிற்றுக்குள் ஒரு சின்னப் புண்ணாம். மருந்து போட்டால் ஆறுமாம்.

இந்த வாக்கியம் எனக்குத் தெரியும். பதினொரு வயதில், ஒரு அறையில், நான் சொன்னது. சொல்லுக்குச் சொல்.

எங்கிருந்து எடுத்தீர்கள்?

மிதுஷா என்ன வேலை செய்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கும் டொக்டருக்கும் நடுவில் மொழிபெயர்க்கிறாள். அதற்குப் படித்தவள். அவளை அடிக்கடி காண்பவர்கள் கோயிலில் காண்பதில்லை.

முகட்டுக்கு நான்கு தரம் ஏறினேன். குரல் அஞ்சலில் உங்கள் பழைய குரல். "சிவகலா இப்ப இல்லை, பிறகு எடுங்கோ." அதைக் கேட்டுவிட்டு இறங்கினேன்.

சுகமா என்று கேட்கவில்லை. என்ன என்று கேட்கிறேன்.

யதுசன்


பூம்ப்ளிஸ்
06.08.2024

அன்புள்ள தம்பி யதுசனுக்கு,

இது பிரபாலினி அன்ரியின் கையெழுத்து. பயப்படாதே. உன் அம்மா கதிரையில் சாய்ந்திருந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கையில் சுளுக்காம். சுளுக்கு என்று சொன்னது அவர், எழுதியது நான். என் பொறுப்பு அவ்வளவுதான்.

அம்மா சொல்கிறார்: மூன்று கிழமை எழுதாதது என் பிழை. நான் சுகம். புண் என்றால் எல்லாரும் புண் என்றுதான் சொல்வார்கள், அதில் உன்னுடையது என்னுடையது என்று ஒன்றும் இல்லை. மிதுஷா பாவம், அந்தப் பிள்ளையை இழுக்காதே. முதலாம் திகதி தேசிய தினத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொசேஜ் சுட்டுக் கொண்டுவந்து தந்தார். நான் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

சாப்பிடவில்லை. இது நான்.

"என்ன, நான் சொல்லாததும் எழுதிற மாதிரிக் கிடக்கு?"

"இல்லை அக்கா, முற்றுப்புள்ளி வைக்கிறன்."

"இவ்வளவு நேரமோ ஒரு முற்றுப்புள்ளிக்கு?"

"வடிவா வைக்கிறன் அக்கா."

அம்மா சொல்கிறார்: இப்போது வராதே. செப்டம்பரில் மாடுகளோடு இறங்கி வா. அதுவரை நான் எங்கே ஓடப் போகிறேன்? நீ எடுத்த வேலையை முடி. அப்பா இருந்தாலும் அதைத்தான் சொல்வார்.

இதைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். நித்திரையா என்று தெரியவில்லை, அதனால் சத்தமில்லாமல் எழுதுகிறேன். ஒன்றும் சொல்லமாட்டேன் என்று சாமிப்படத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் நேரம் பற்றிச் சத்தியம் ஒன்றும் இல்லை. உங்கள் பக்கத்தில் இருந்து பேர்ணுக்கு மணித்தியாலத்துக்கு ஒரு ரயில் இருக்கிறது. லூசேர்னில் மாறவேண்டும்.

உன் சுகம் கேட்டு,
அம்மாவுக்காகவும் எனக்காகவும்
பிரபாலினி அன்ரி


மலைக் குடிசை
18.08.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனியும் ஞாயிறும் உங்களோடு இருந்தேன். இரண்டு நாள். ஒரு அடி தூரம். அங்கே கேட்காததை இங்கே வந்து எழுதுகிறேன். எங்களுக்குக் கடிதம் பழகிவிட்டது போல.

கதவைத் திறந்தீர்கள். "எப்பிடி வந்தனி?" என்றீர்கள். "ரயிலில" என்றேன். தலையில் துணி கட்டியிருந்தீர்கள். சமையல் புகைக்காக என்றீர்கள். ஃபிரிட்ஜ் கதவில் டொக்டரின் திகதி அட்டைகள் இருக்கும் இடம் துடைத்துக் கிடந்தது. நான்கு காந்தம், ஒன்றையும் பிடிக்காமல். கணவாய்க் கறி வைத்திருந்தீர்கள். நான் சாப்பிட நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "நான் முதலே சாப்பிட்டிட்டன்." பிறகு நான் சாப்பாட்டுக் கோப்பை கழுவினேன். கழுவ ஒரு கோப்பைதான் இருந்தது. என்னுடையது.

நீங்கள் கேட்காதே என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. இதில் யார் யாரைக் காப்பாற்றியது?

முதலில் நான் சொல்கிறேன்.

2011, ஒக்டோபர். நீங்களும் அப்பாவும் மேசைக்கு இந்தப் பக்கம், இரண்டு கதிரை. டொக்டர் அந்தப் பக்கம். எனக்குக் கதிரை இல்லை. நடுவில், மேசை மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்ட மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. "நீ நன்றாகப் பேசுகிறாயே, அப்பாவுக்குச் சொல்வாயா?" என்று டொக்டர் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பிறகு அவர் சொன்னார். இரைப்பை. பரவிவிட்டது. அறுக்க முடியாது. நான்கு மாதங்கள், கூடினால். எல்லாச் சொல்லுக்கும் எனக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், கறியை ருசி பார்க்கக் கொடுத்துவிட்டு வாடிக்கையாளரின் வாயைப் பார்ப்பது போல. நான் சொன்னேன்: "வயித்துக்குள்ள ஒரு சின்னப் புண்ணாம். மருந்து போட்டா ஆறுமாம்."

அப்பா டொக்டருக்கு ஜெர்மனில் நன்றி சொன்னார், "டாங்கெ" என்று. சிரித்தார். வெளியே வந்து எனக்குச் சுட்ட மரோனிக் கொட்டை வாங்கித் தந்தார். சூடு. கடதாசிப் பை. நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

பெப்ரவரியில் செத்தார்.

பெரியப்பாவோடு பேசாமல் செத்தார். உங்கள் கலியாணத்தில் தொடங்கிய கோபம், பதினைந்து வருடம், கனடாவுக்கும் இந்த நாட்டுக்கும் நடுவில். டிசம்பரில், நத்தாருக்கு முதல் நாள் அப்பா சொன்னது எனக்குக் கேட்டது: "உடம்பு தேறட்டும், அண்ணையோட கதைப்பம்." அவரிடம் நான்கு மாதம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்பாவின் குரல் எனக்கு மறந்துவிட்டது அம்மா. அந்த ஒரு "டாங்கெ" மட்டும் மிச்சம். புகாருக்குள் மணிகளுக்கு நடுவில் கேட்கிறது. என் கழுத்து திரும்புவது அதற்குத்தான்.

அப்பாவுக்கு நான் செய்ததை எனக்கு நீங்கள் செய்யாதீர்கள்.

யதுசன்


பூம்ப்ளிஸ்
02.09.2024

என் செல்லத்துக்கு,

அம்மா, என் சொந்தக் கையால். நாலு நாளாக எழுதுகிறேன், ஒரு நாளைக்கு ஒரு பக்கம். வரி சரிந்தால் மன்னித்துக்கொள். சுகம் என்று இந்த முறை தொடங்கவில்லை.

முதலில் ரீச்சர். அந்த மனுசி கதைக்கும்போது விரலை வாயில் வைத்து மூடிக் காட்டினாள். அது எந்தப் பாஷையிலும் ஒன்றுதான். நீ மாற்றிச் சொன்னது தெரிந்துதான் கைகொடுத்தேன்.

பிறகு அந்த அறை. டொக்டர் கதைத்ததில் எனக்கு எல்லாம் விளங்கவில்லை. "மோனாட்டெ" விளங்கியது. மாதங்கள். இந்த நாட்டில் நான் முதலில் படித்த சொல் அதுதான் ராசா. எங்கள் விசாவை அவர்கள் மாதக் கணக்கில்தான் நீட்டினார்கள். ஆறு மாதம், மூன்று மாதம், பிறகு திரும்ப ஆறு. அந்தச் சொல் கேட்டால் என் நெஞ்சு தானாகக் கணக்குப் போடும். நாலு என்பதும் கேட்டது. நீ வாயைத் திறந்தாய். புண் என்றாய். நான் உன்னைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நீ உடைந்திருப்பாய்.

அடுத்த நாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு அப்பா கேட்டார், "பெடியன் என்னத்தை விட்டவன்?" அவருக்கும் தெரிந்திருக்கிறது, நீ ஒன்றை விட்டாய் என்று. சொன்னேன். தேத்தண்ணி ஆறிப் போனது. பிறகு சொன்னார், "அவன் சொன்னது சொன்னதா இருக்கட்டும். அவனுக்கு முன்னால எனக்குப் புண்தான்." அதுக்குப் பிறகு நாலு மாதமும் உனக்கு முன்னால் அவருக்குப் புண்தான். நத்தாருக்கு அப்படிக் கதைத்ததும் உன் காது அந்தப் பக்கம் இருந்தது என்று தெரிந்துதான்.

பெரியப்பாவோடு அப்பா கதைத்தார். தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, நீ பள்ளிக்கூடத்தில். முக்கால் மணித்தியாலம். குகநாதன் அண்ணை அழுதது எனக்கு இங்கே கேட்டது. அப்பாவும் அழுதார். போனை வைத்துவிட்டு, பசிக்குது என்று சொல்லிப் புட்டுக் கேட்டார். நீ ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை. அவருடைய மாதம் அவரிடம்தான் இருந்தது.

இனி என்னுடையது. பங்குனியில் தெரியும். கணையம், ஈரலுக்கும் போய்விட்டது. மே மாதம் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள், ஆடியில் நிறுத்தினார்கள். அந்த அறையில் திரும்பவும் நீ நடுவில் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அதுக்குத்தான் மலை. அதுக்குத்தான் மிதுஷா. உனக்கு எழுத வேண்டி வந்தபோது எனக்கு வாக்கியம் வரவில்லை. அதனால் உன்னுடையதை எடுத்தேன். நல்ல வாக்கியம் அது. உன் அப்பா நாலு மாதம் அதற்குள் இருந்தார்.

காலுறைக்கு நீ கேட்டது சரி. இனி யார் தோய்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


மலைக் குடிசை
04.09.2024

அம்மா,

ஜீப் காத்திருக்கிறது, நின்றபடி எழுதுகிறேன். கடிதம் கிடைத்தது. ரூத்திடம் சொன்னேன். "போ" என்றார். பிறகு, நான் கேட்காமல், "என் அம்மாவும்" என்றார்.

என்னை விடுவிக்கும் சேவை அலுவலகக் கடிதமும் எனக்கு மாற்று ஆளும் வருவது 12ஆம் திகதி. வெள்ளிக்கிழமை 13ஆம் திகதி வீட்டில் இருப்பேன்.

அடுத்த முறை டொக்டரிடம் எப்போது? நான் மொழிபெயர்க்கிறேன். இந்த முறை மாற்றமாட்டேன்.

யதுசன்


பூம்ப்ளிஸ்
09.09.2024

ராசா,

செவ்வாய்க்கிழமை 17, பத்தரை மணி.

நீ மொழிபெயர்க்க வேண்டாம். மிதுஷா வருவாள். அவளிடம் சொல்லிவிட்டேன், என் மகன் வருவான், அவனுக்கும் ஒரு கதிரை கேள் என்று. என் பக்கத்தில், வலது கைப்பக்கம். நீ அதில் இரு. வேறொன்றும் செய்யாதே. அன்றைக்கு உனக்கு யாரும் கதிரை போடவில்லை. நானும் கேட்கவில்லை. கதிரைக்கு ஜெர்மன் சொல் எனக்குத் தெரிந்திருந்தது.

கோழி வாங்கி வைக்கச் சொல்லி பிரபாலினியிடம் சொல்லியிருக்கிறேன். சமைப்பது நீ.

அம்மா


பூம்ப்ளிஸ்
22.09.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் ஆஸ்பத்திரியில், நான் உங்கள் குசினி மேசையில். நடுவில் எட்டு பஸ் தரிப்பிடம். நாளைக்கு நேரில் வருவேன். ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று கோழி சமைத்தேன், உறைப்புக் கூடிவிட்டது. பிரபாலினி அன்ரி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உன்ர கொப்பர் இதைப் பாத்தா குசினியை விட்டுக் கலைச்சிருப்பார்" என்றார். இரண்டு கோப்பை கழுவினேன்.

உங்கள் நாலு பக்கக் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். வரிகள் எல்லாப் பக்கத்திலும் சரிந்து போகின்றன. பெரியப்பா அழுத பக்கத்தில் மட்டும் நேராக ஓடுகின்றன. ஏன் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு உங்களுக்கு நோவு குறைவாக இருந்திருக்கலாம்.

பெரியப்பா வெள்ளிக்கிழமை வருகிறார். சூரிச் விமான நிலையத்துக்கு நான்தான் போகிறேன். ஒன்றேகால் மணித்தியால ரயில், பக்கத்துப் பக்கத்து இருக்கை. அந்த வெள்ளிக்கிழமை போனைப் பற்றி நான் கேட்கமாட்டேன். அவராகச் சொன்னால் கேட்பேன். சொல்லாவிட்டால் யன்னலைப் பார்ப்போம். அப்பா கதைத்தார் என்பது எனக்கு நீங்கள் தந்த வாக்கியம். அதற்குள் நான் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை. நீங்கள் அங்கே இருந்தீர்கள், இருந்தாலும் எனக்கு அது எப்படி இருந்தது என்று எழுதி வைக்கிறேன். அந்தப் பக்கம் டொக்டர், இளம் பெண். இந்தப் பக்கம் இரண்டு கதிரை, உங்களுக்கும் எனக்கும். மேசை மூலையில் மிதுஷாவின் கதிரை. அவள் என்னைத் தெரிந்தவள் போல் காட்டிக்கொள்ளவில்லை. வேலை விதி. டொக்டர் சொன்னார். எனக்கு ஒரு முறை கேட்டது. மிதுஷா சொன்னாள். இரண்டாம் முறை கேட்டது. ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. என் வாய்க்குள் நாக்கு அசைந்தது. கையைக் கதிரைக்கு அடியில் பிடித்துக்கொண்டேன்.

டொக்டர் ஏதும் கேட்க இருக்கிறதா என்றார். மிதுஷா அதையும் சொன்னாள். நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. டொக்டரையும் பார்க்கவில்லை. துணி கட்டிய தலையை வலது பக்கம் திருப்பி என்னைக் கேட்டீர்கள்:

"என்னவாம் தம்பி?"

மிதுஷா குனிந்து கொப்பியைப் பார்த்தாள். நீங்கள் என் வாயைப் பார்த்தீர்கள். அப்பா பார்த்தது போலத்தான். பதின்மூன்று வருடமாக என் வாயில் ஆயத்தமாக இருந்த அந்த வாக்கியம் முதலில் வந்தது. வந்து பல்லில் நின்றது.

"கிழமைக் கணக்காம் அம்மா. மாதக் கணக்கில்லை" என்றேன்.

நீங்கள் என் கையைக் கதிரைக்கு அடியில் இருந்து எடுத்து உங்கள் மடியில் வைத்தீர்கள்.

"ஓம்" என்றீர்கள். "எனக்கும் அப்பிடித்தான் கேட்டது."

நாளை பத்து மணிக்கு வருகிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற கதிரையை, அறை துடைக்க வருகிறவர்கள் எடுத்துப் போகப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அது என்னுடையது.

யதுசன்